ஆகாய நீலச் சேலையும் தஸ்லிமாவின் உறைபனியும்

மே 6

இந்த நோட்டில் கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் மட்டுமே எழுதப்போகிறேன். ஒரு சொட்டுக்கூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். எனக்கே பாதகமாக இருந்தாலும் எழுதுவேன். இப்படிச் சத்தியம் செய்யும்படி ஆனது ஒரு முட்டையால்.

போன ஞாயிற்றுக்கிழமை தஸ்லிமாவிடம், "எங்க மொட்டைமாடில முட்டைய உடைச்சு ஊத்துனேன், ஆம்லேட் ஆயிருச்சு" என்று அளந்துவிட்டேன். அவள் உடனே போட்டோ கேட்டாள். உண்மையில் முட்டை வேகவில்லை. ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஆடை கட்டியது. நடுவில் கொழகொழவென்று கிடந்தது. எறும்பு வந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "ஒம்பதாப்பு முடிச்சிருக்கா, முட்டைய எங்க உடைக்கணும்னு தெரியல" என்றாள். வேறு வழியில்லாமல் தஸ்லிமாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பொய்க்கு அபராதமாக ரெண்டு பாயின்ட் எடுத்துக்கொண்டாள்.

தஸ்லிமா யார் என்று எழுதிவிடுகிறேன். சாத்தூர் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம் அவளுடையது. அவளுடைய அத்தா சாதிக் பாட்சா மாமா பஜாரில் கறிக்கடை வைத்திருந்தார். நியூசிலாந்தின் தென்கோடியில் ஒரு இறைச்சிக் கம்பெனியில், ஹலால் முறைப்படி அறுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று போனார். ஜனவரியில் தஸ்லிமாவும் அவள் அம்மாவும் போய்விட்டார்கள். பூமியின் மறு பாதி அது. இங்கே அக்கினி நட்சத்திரம் என்றால் அங்கே குளிர்காலம் வந்துகொண்டிருக்கிறது.

அதனால் எங்களுக்குள் ஒரு போட்டி. யாருடைய ஊரின் வானிலை கொடியது? போனில் வரும் டிகிரியைப் படித்துச் சொன்னால் பாயின்ட் கிடையாது. பார்த்ததை, தொட்டதைத்தான் சொல்ல வேண்டும். ஞாயிறு மத்தியானம் அப்பாவின் போன் சும்மா இருக்கும். இங்கே பன்னிரண்டு மணி அடிக்கும்போது அங்கே இருட்டிவிடுகிறது.

மே 11

தஸ்லிமா இன்று சொன்னவை: ராத்திரி கொடியில் விட்ட சுடிதார் பேன்ட் காலையில் பலகையாகிவிட்டது. எடுத்துச் சுவரில் சாய்த்தால் ஆளில்லாமல் தானாக நிற்கிறது. (போட்டோ பார்த்தேன். உண்மை.) சாதிக் மாமா காரின் முன்கண்ணாடியில் படிந்த பனியைக் கரைக்கக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கண்ணாடி குறுக்கே கீறிக்கொண்டது. "அத்தா இன்னும் ஒருத்தர்ட்டயும் பேசல" என்றாள்.

நான் சொன்னவை: மாடித் தொட்டித் தண்ணீரில் மதியம் கை கழுவ முடியவில்லை. கரண்டு போனால் ஏற்ற மாடத்தில் வைத்திருந்த மெழுகுவர்த்தி, ஏற்றாமலே தலை கவிழ்ந்து மாடத்தின் அடியைத் தொட்டுவிட்டது. கோழி வாயைத் திறந்தபடியே நடக்கிறது.

மெழுகுவர்த்திக்கு அவள் முழு மதிப்பெண் கொடுத்தாள். எனக்கோ தானாக நிற்கும் பேன்ட்தான் கண்ணுக்குள் நிற்கிறது. குளிர் ஒரு துணிக்கு எலும்பு வைத்துவிட்டதே!

மே 14

அம்மாவுக்குச் சேலை எடுத்தோம். இருக்கன்குடி கோயிலுக்குப் போவதற்காக. அப்பா கடையில் என்னை முன்னால் தள்ளி, "படிக்கிற பிள்ள, நீயே எடு தாயி" என்றார். வெளிர் நிறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், அடர்நிறம் இழுத்துக்கொள்ளும் — புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆகாய நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ போட்டதை எடுத்தேன். கையில் வைத்தால் கனமே தெரியவில்லை. அம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "காத்த மடிச்சு வச்ச மாதிரில இருக்கு" என்றாள்.

எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மே 18

தஸ்லிமா புல் மேல் நடக்கும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். காலையில் புல் முழுக்க உறைபனி. ஒவ்வொரு அடிக்கும் அப்பளம் நொறுங்குகிறது. மூன்று தடவை கேட்டேன். அப்பாவும் காதில் வைத்துக் கேட்டு, "பாவம், செருப்பு போட்டுருக்கால்ல?" என்றார்.

சூரியன் வருவதற்கு முன்பே பள்ளிக்குக் கிளம்புகிறாள். விரல் மரத்துப்போய்ப் பேனா பிடிக்க வராதாம். அப்படியும் ஒருநாள்கூட லீவு போடவில்லை. நானாக இருந்தால் போர்வைக்குள்ளேயே பத்தாம் வகுப்பை முடித்திருப்பேன்.

அவளுக்கு நாலு பாயின்ட்.

மே 22

அம்மா இப்போது அந்த நீலச் சேலையைக் கம்பெனிக்கே கட்டிக்கொண்டு போகிறாள். கோயிலுக்கு எடுத்ததாயிற்றே என்றால், "மாரியாத்தா பாத்தாச்சு, இனி வெயிலும் பாக்கட்டும்" என்கிறாள்.

அம்மா அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். மருந்து என்றால் வெடிமருந்து. அந்த அறைக்குள் கரண்டே கிடையாது, ஆகவே காற்றாடியும் கிடையாது. அறைக்கு நாலு பேர்தான். ரப்பர் விரிப்பில் உட்கார வேண்டும். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அதில் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் மின்சாரம் தங்கியிருந்தால் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அம்மா தகட்டைத் தொட்ட கையைக் கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்களாம்.

இந்த வெயிலில், அந்த அறையில், சாயங்காலம் வரை. வீட்டுக்கு வந்தால் நகக்கண் சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போடுகிறாள் — கழுவி, கழுவி, மறுபடி முகர்ந்து பார்த்துவிட்டு. தஸ்லிமாவுக்கு இதைச் சொன்னால் எத்தனை பாயின்ட் கொடுப்பாள்? சொல்லவில்லை. இதைப் போட்டியில் வைக்க மனம் வரவில்லை.

ஜூன் 1

இன்று பார்த்ததை மறக்கவே மாட்டேன்.

"பாண்டிலட்சுமி, கண்ண மூடாம பாரு" என்று சொல்லிவிட்டுத் தஸ்லிமா தன் அறை விளக்கை அணைத்தாள். போன் முழுக்க இருட்டு. பிறகு போர்வையைச் சட்டென்று உதறினாள். போர்வைக்குள் சின்னச் சின்ன மின்னல்! நீலமும் வெள்ளையுமாக, நெல்மணி அளவில், ஓடி ஓடி அணைந்தன. சடசட என்று சத்தமும் கேட்டது. போர்வையை உதறிவிட்டுக் கதவுக் குமிழைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடிக்குமாம். அவள் அம்மா பைரோஜா அத்தை, வீட்டில் கரண்டு கசிகிறது என்று வீட்டு ஓனரையே கூட்டிவந்து காட்டிவிட்டார்களாம்.

"இதுக்கு அஞ்சு பாயின்ட் குடு" என்றாள்.

கொடுத்தேன். பத்து கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். வீட்டுக்குள் தனக்கென்று ஒரு மின்னல் வைத்திருக்கிறாள்.

போனை வைக்கப் போகும்போது சும்மாதான் கேட்டேன், "அது என்ன துணிடி?" அவள் டார்ச் அடித்து ஓரத்துச் சீட்டைப் படித்தாள். பாலியெஸ்டர்.

ஜூன் 2

பள்ளி திறந்தது. வந்ததும் நீலச் சேலை வைத்து வந்த அட்டையைத் தேடி எடுத்தேன். நூறு சதவீதம் பாலியெஸ்டர்.

நிறத்தைப் பார்த்தேன். துணியைப் பார்க்கவில்லை.

ஜூன் 3

அம்மாவிடம் சொன்னேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

"அந்த நீலச் சேலையக் கம்பெனிக்குக் கட்டாதம்மா."

"ஏன், அழுக்காயிருமா?"

"உரசுனா பொறி வரும்மா. தஸ்லிமா வீட்டுப் போர்வைல பாத்தேன்."

அம்மா சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "நூல் சேலதான் கட்டணும்னு எங்களுக்கும் தெரியும்டி. போர்டே எழுதிப் போட்டுருக்கான். நூல் சேல வேர்வையக் குடிச்சிட்டு ஈரச் சாக்கு மாதிரி கனக்கு. தொட இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகுது. மேல நூல் சட்ட போடுறோம்ல, தகட்டத் தொடுறோம்ல. நீ ஒருநா அங்கன வந்து உக்காந்து பாரு, அப்புறம் சொல்லு."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கு. தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போறாங்க — சரி. உள்ளே போன பிறகு? எழுந்திருக்க, உட்கார, நகர — சேலை உரசிக்கிட்டேதானே இருக்கும்? அப்போ? கையில மருந்து இருக்கும்போது?

ஜூன் 8

தஸ்லிமாவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். மத்தியானம் அம்மாவைப் பிடித்துப் போனுக்கு முன்னால் உட்கார வைத்தேன். அம்மாவோடு ஒரே அறையில் வேலை பார்க்கும் அடுத்த வீட்டு ரோஜா அக்காவும் வந்திருந்தாள். தஸ்லிமா விளக்கை அணைத்துப் போர்வையை உதறினாள். மின்னல் நன்றாகவே தெரிந்தது.

"நல்லாத்தான் வேடிக்க காட்டுது" என்றாள் ரோஜா அக்கா. "தாயி, சாப்பிட்டியா? அங்கன மீனெல்லாம் கிடைக்குமா?"

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அது குளுரு ஊருடி. குளுருக்கு அப்படி வரும். இங்க அடிக்கிற வெயிலுக்கு எங்கிட்டு வரும்?"

நானும் செய்து காட்டினேன். சன்னலை அடைத்து, நீலச் சேலையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் தேய்த்து, இருட்டில் உதறினேன். பொறி தெரியவில்லை. லேசாகச் சத்தம் கேட்டது. கை ரோமம் எழுந்து நின்றது. அவ்வளவுதான்.

"பொறி எங்கடி?" என்றாள் அம்மா.

"தெரியல" என்றேன். தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் முட்டை ஞாபகம் வந்தது.

ரோஜா அக்கா போகும்போது என் தலையைத் தடவி, "விஞ்ஞானி, அடுத்த வாரம் ராக்கெட்டு விடுவோம்" என்றாள். அழுகை வந்தது. அழவில்லை.

ஜூன் 11

நீலச் சேலையை ஒளித்து வைத்தேன். அம்மா தேடவே இல்லை. பெட்டியிலிருந்து மஞ்சள் பூச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். அதுவும் வழவழ, பாலியெஸ்டர்தான். பெட்டியைத் திறந்து பார்த்தேன். நூல் சேலை ரெண்டே ரெண்டுதான், அடியில் கிடக்கிறது. நான் எடுத்த ஒரு சேலையோடு முடிகிற விஷயம் இல்லை இது.

வகுப்பில் இருக்கும்போது தூரத்தில் எங்கேயாவது டமார் என்றால் பேனா நின்றுவிடுகிறது. கோயில் வெடியாக இருக்கும். கல்குவாரியாக இருக்கும். ஆனாலும்.

சாயங்காலம் கம்பெனி வேன் ஹாரன் கேட்கும்வரை எனக்கு ஒரு வரியும் ஏறுவதில்லை.

ஜூன் 15

தஸ்லிமா இன்று பாயின்ட் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தவுடன், "ஒன் உதட்டக் காட்டு" என்றாள்.

காட்டினேன். வெடித்திருந்தது. ஆனி மாதத்தில் மேற்கேயிருந்து வறண்ட மேல்காற்று வந்துவிட்டால் எங்கள் எல்லோருக்கும் வெடிக்கும். அவள் தன் உதட்டைக் காட்டினாள். அதே மாதிரி நடுவில் கீறல். அறையில் ஹீட்டர் போட்டால் காற்றில் ஈரம் செத்துவிடுகிறதாம். அந்த மாதிரி நாட்களில்தான் போர்வையில் பொறி வருகிறது. மழை பெய்து ஈரமாக இருக்கும் நாளில் எவ்வளவு உதறினாலும் வரவில்லை. அவள் தினமும் உதறிப் பார்த்திருக்கிறாள்! எனக்காக! "குளுரு இல்ல பாண்டி, வறட்சி. ஒங்க ஊர்ல என்னைக்குத் துணி சட்டுனு காயுதோ அன்னைக்கு உதறிப் பாரு" என்றாள்.

ஒரு ஊரில் உறைபனி, ஒரு ஊரில் நெருப்புக் காற்று. உதட்டில் மட்டும் ஒரே கீறல். இத்தனை நாளும் ரெண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தையே தேடிக்கொண்டிருந்தோம். அவள் ஒற்றுமையைக் கண்டுபிடித்துவிட்டாள். என் சிநேகிதி என்பதற்காக எழுதவில்லை, அவள் பெரிய ஆள்தான்.

போன வாரம் நான் உதறிய அன்று காலையில் தூறல் போட்டிருந்தது. அதை இந்த நோட்டில்கூட எழுதாமல் விட்டிருக்கிறேன்.

ஜூன் 19

காலையிலிருந்து மேல்காற்று. தெரு முழுக்கப் புழுதி. துவைத்துப் போட்ட பாவாடை, சோறு வடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. தஸ்லிமா சொன்ன நாள் இதுதான்.

அம்மாவை உதறிப் பார்க்கும்படி நான் கேட்கவில்லை. கேட்காமலே நடந்தது. பள்ளிவிட்டு வந்து நீலச் சேலையை ஒளித்த இடத்திலிருந்து எடுத்துக் கொடியில் போட்டிருந்தேன். அம்மா கம்பெனியிலிருந்து வந்து குளித்து அதைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். எழுந்து தண்ணீர் மோக்க எவர்சில்வர் குடத்தைத் தொட்டாள்.

"ஸ்... ஆத்தி" என்று கையை இழுத்துக்கொண்டாள். டிக் என்ற சத்தம் எனக்கே கேட்டது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா மறுபடி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகை லேசாகத் தேய்த்தாள். "கதவச் சாத்து. லைட்ட அமத்து" என்றாள். மெல்ல எழுந்து, இருட்டில் ஒரு விரலைக் குடத்தை நோக்கி நீட்டினாள். விரலுக்கும் குடத்துக்கும் நடுவே எள்ளளவு வெளிச்சம், நீலமாக.

நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

லைட்டைப் போட்ட பிறகு அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து அடைக்கிற விரல். "இம்புட்டு நாளும் இந்தக் கையோட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். பிறகு பெட்டியைத் திறந்து அடியில் கிடந்த நூல் சேலையை எடுத்து உதறினாள். கீரை அப்படியே கிடந்தது. நான் ஆய்ந்தேன்.

ஜூன் 20

அம்மா நூல் சேலையில் போனாள். வேன் படியில் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஜூன் 22

அம்மாவுக்குத் தொடையெல்லாம் வேர்க்குரு. நடக்க முடியாமல் நடக்கிறாள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ஒன் சிநேகிதக்காரி குளுந்த ஊர்ல இருந்துக்கிட்டு என்னைய வேக வச்சிட்டா" என்றாள். கோபமில்லை. ஆனால் எத்தனை நாளைக்கு இப்படிப் போவாள்? புண் ஆனால் மறுபடி வழவழச் சேலைதானே?

நேற்றுத்தான் தஸ்லிமாவின் ஊரில் வருடத்திலேயே நீண்ட இரவு. எங்களுக்கு நீண்ட பகல். அவளிடம் வேர்க்குருவைப் பற்றிச் சொன்னேன். அவள் சொன்னாள்: "அத்தா கம்பெனில குளுரு கூடுனா, காலைல ஷிப்ட தள்ளி வைக்கிறாங்க. ஒங்க ஊர்ல வெயிலுக்கு முன்னாடியே ஆரம்பிக்கலாம்ல?"

அம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவிட்டு எழுந்தாள்.

ஜூன் 26

இது அம்மா சொன்னது, நான் பார்த்ததல்ல. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

அம்மாவும் ரோஜா அக்காவும் போர்மேன் பாலகுரு அண்ணாச்சியிடம் போயிருக்கிறார்கள். "அண்ணாச்சி, வெடிகாலைலயே வந்துருதோம், உச்சி வெயிலுக்கு முந்தி விட்ருங்க. எல்லாரும் நூல் சேல கட்டுதோம்" என்று அம்மா சொன்னாளாம்.

"சீசன் நேரத்துல புதுசு புதுசாக் கேக்காதீக" என்றாராம் அவர்.

அம்மா அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியையும் அவர் போட்டிருந்த பளபளச் சட்டையையும் பார்த்து, "எந்திரிச்சு அந்த இரும்புக் கதவத் தொடுங்கண்ணாச்சி" என்றாளாம். அன்றைக்கும் மேல்காற்று. அவர் தொட்டார்.

"ஒரு வாரம் பாப்போம்" என்று விரலை உதறிக்கொண்டே சொல்லியிருக்கிறார். ரோஜா அக்கா இதை நடித்துக் காட்டிக் காட்டித் தெருவே சிரித்துவிட்டது. என்னைப் பார்த்து, "விஞ்ஞானி, ராக்கெட்டு ஏறிருச்சு" என்றாள்.

அண்ணாச்சியின் சட்டையைக் கவனிக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியதே! எனக்குத் தோன்றியிருக்காது.

ஜூலை 1

வேன் இப்போது இருட்டோடு வந்துவிடுகிறது. அதனால் சோறு வடிப்பது என் வேலை. இன்று குழைந்துவிட்டது. அப்பா அதிலேயே மோரை ஊற்றிச் சாப்பிட்டார். மதியம் நான் பள்ளியில் இருக்கும்போதே அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வேர்க்குரு ஆறிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சியின் ஒரு வாரம் நாளையோடு முடிகிறது. நிறுத்தப்போவதாக இதுவரை ஒரு பேச்சும் இல்லை.

ஜூலை 6

தஸ்லிமாவின் ஊரில் முதல் பனிப்பொழிவு. மேலிருந்து விழுவது காதில் கேட்கவே கேட்காதாம். மழை பெய்தால் தெரியும், காற்று அடித்தால் தெரியும். இது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்துவிட்டது என்கிறாள். கையில் ஒன்றை ஏந்தி, கரைவதற்குள் எனக்குக் காட்டிவிட ஓடிவந்தாள். நான் பார்த்தது ஈரமான உள்ளங்கையை மட்டும்தான். அதற்கே முழு மதிப்பெண் கொடுத்தேன். "போட்டிதான் முடிஞ்சிருச்சே" என்றாள்.

ஆமாம். ஆனாலும் கொடுத்தேன்.

இன்று எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. வேறு அறைகளில் வேலை பார்க்கும் பெண்களையெல்லாம் அம்மா வரச் சொல்லியிருந்தாள். போன வாரம்தான் வேலையில் சேர்ந்த பானுப்பிரியா என்ற அக்காவும் வந்திருந்தாள். மினுமினுக்கும் சுடிதார் போட்டிருந்தாள். "அத்தே, நூல் துணி போட்டா வெயில்ல செத்துருவோம்ல" என்று ஆரம்பித்தாள்.

"நானும் அதத்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "அங்கன உக்காரு."

நீலச் சேலை நாற்காலியின் மேல் மடித்து வைத்திருந்தது. அம்மா இப்போது அதைக் கம்பெனிக்குக் கட்டுவதில்லை. கோயிலுக்கும் இந்த மாதிரி காட்டுவதற்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டாள். எவர்சில்வர் குடத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பிப் பக்கத்தில் வைத்தாள். நான் போனைச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன். தஸ்லிமா தலைவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இருட்டுச் சன்னல், கண்ணாடியில் அப்பிய பனி மட்டும் வெள்ளை. எங்கள் சன்னலில் வெயில்.

"தாயி, ஹீட்டர் போட்டுட்டியா? ரூம்பு காஞ்சிருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"காஞ்சிருக்கு அத்த."

"இங்கனயும் காஞ்சுதான் கெடக்கு."

அம்மா எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள். பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். நான் சுவிட்சுக்குக் கை நீட்டினேன். அதற்குள் அம்மாவே லைட்டை அணைத்துவிட்டாள்.